கையைக் கட்டாத காசு

பாலஸ்தீனக் கலைஞர்களுக்கு உலகம் விருது தருகிறது, நிதியும் தருகிறது. அவற்றில் எது அந்த மண்ணில் தங்குகிறது, எது தங்காமல் போகிறது?

2024 ஏப்ரல் 28, அபுதாபி. அரபு நாவலுக்கான சர்வதேசப் பரிசை அறிவிக்கும் விழா. அரபு இலக்கிய உலகம் ஆண்டுதோறும் காத்திருந்து கவனிக்கும் பரிசு இது. வென்றவருக்கு 50,000 டாலர். இறுதிப் பட்டியலில் ஆறு நாவல்கள். ‘வானத்தின் நிறத்தில் ஒரு முகமூடி’ என்ற நாவல் வென்றதாக மேடையில் அறிவிக்கிறார்கள். பரிசைப் பெற்றுக்கொள்ள வந்தவர் அதை எழுதியவர் அல்லர். பெய்ரூத்திலிருந்து அதை வெளியிட்ட தாருல் ஆதாப் பதிப்பகத்தின் உரிமையாளர் ரானா இத்ரீஸ். எழுதிய பாஸிம் கந்தக்ஜி அப்போது இஸ்ரேலியச் சிறையில் இருந்தார். நாப்லஸ் நகரத்தில் பிறந்தவர். 2004இல், 21 வயதில் கைதானவர். மூன்று பேர் உயிரிழந்த டெல் அவிவ் சந்தைக் குண்டுவெடிப்பு வழக்கில் அவருக்கு மூன்று ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. கதை சிறைக்குள் எழுதப்பட்டு, வெளியே வந்து, புத்தகமாகி, பரிசும் வாங்கிவிட்டது. ஆசிரியர் வெளியே வரவில்லை.

அந்தப் பரிசு கந்தக்ஜிக்கு என்ன செய்தது? சிறைக் கதவைத் திறக்கவில்லை. 2025 அக்டோபரில் கைதிகள் பரிமாற்றத்தில்தான் அவர் விடுதலையானார்; அப்போதும் சொந்த ஊருக்குப் போக முடியாமல் எகிப்துக்கு அனுப்பப்பட்டார். ஆனால், சிறையில் ஒரு வழக்கு எண்ணாக இருந்த ஒருவரை நாவலாசிரியராக அரபு உலகம் முழுவதும் படித்தது. குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டவருக்கு இலக்கியப் பரிசா என்ற கேள்வி அப்போது எழுந்தது. நடுவர்கள் எடை போட்டது நாவலைத்தான், வழக்கை அல்ல. இலக்கியப் பரிசுக்குச் சொல்லக்கூடிய நேர்மையான பதிலும் அதுதான். ஒரு விருது எவ்வளவு தூரம் போக முடியும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதை இந்த ஒரு நிகழ்ச்சியே காட்டிவிடுகிறது. பெயருக்கு வெளிச்சம் தரும். ஆளைக் காப்பாற்றாது.

கான், வெனிஸ், பெர்லின், ஆஸ்கர், புலிட்சர் என்று பாலஸ்தீனப் பெயர்கள் அடுத்தடுத்து அறிவிக்கப்படும் காலம் இது. அதே காலத்தில்தான் பாலஸ்தீன அரங்குகளும் நூலகங்களும் ஓவியக் கூடங்களும் இடிந்து விழுகின்றன, அல்லது வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் திண்டாடுகின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வரவேண்டியிருக்கிறது. பாலஸ்தீனக் கலையை நிலைநிறுத்தியது பெரிய தொகையோ பெரிய மேடையோ அல்ல. முடிவெடுக்கும் உரிமையைப் பாலஸ்தீனர்கள் கையிலேயே விட்டு, பல ஆண்டுகள் விடாமல் வந்து, ஒரு கட்டடமாகவோ தொழிலாகவோ பயிற்சியாகவோ அந்த ஊரிலேயே தங்கிய பணம்தான் நிலைநிறுத்தியது. மற்றதெல்லாம் பாராட்டு, பாராட்டை வைத்து ஒரு நாடக அரங்கை நடத்த முடியாது.

பரிசுப் பணம் மேடையான கதை

இதற்கு மேற்குக் கரையின் ஜெனின் அகதி முகாமைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஆர்னா மெர் காமிஸ் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1948 போரில் யூதப் படையில் இருந்து, பிறகு கம்யூனிஸ்டாகி, ஒரு பாலஸ்தீனரை மணந்தவர். 1987இல் பாலஸ்தீனர்களின் முதல் எழுச்சியான ‘இன்டிஃபாதா’ தொடங்கி, ராணுவம் பள்ளிகளை மூடியபோது ஜெனின் குழந்தைகளுக்குப் படிப்பும் ஓவியமும் சொல்லிக்கொடுக்க இறங்கினார். மாற்று நோபல் என்று அழைக்கப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது 1993இல் அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு அந்த விருதைப் பெற்றவர்களில் இந்தியாவின் வந்தனா சிவாவும் ஒருவர். ஆர்னா பரிசுப் பணத்தை முகாமுக்குள் ஒரு குழந்தைகள் அரங்கமாக மாற்றினார். முகாமில் வாழ்ந்த சமீரா சுபெய்தி தன் வீட்டின் மேல்மாடியை அதற்குத் தந்தார். ‘கல் அரங்கு’ என்று அதற்குப் பெயர்.

ஆர்னா 1995இல் இறந்தார். 2002இல் இஸ்ரேலிய ராணுவம் முகாமுக்குள் நுழைந்தபோது அரங்கு தரைமட்டமானது; அதே ஆண்டில் சமீராவும் கொல்லப்பட்டார். அங்கே நடிக்கக் கற்ற பிள்ளைகளில் பலர் ஆயுதம் ஏந்தி மாண்டார்கள். ஆர்னாவின் மகன் ஜூலியானோ அவர்களைப் பற்றி எடுத்த ‘ஆர்னாவின் குழந்தைகள்’ ஆவணப்படம் 2004இல் நியூயார்க்கின் டிரைபெக்கா விழாவில் சிறந்த ஆவணப்படமானது. 2006இல் அவரும் சமீராவின் மகன் ஸகரியாவும் இன்னும் சிலரும் சேர்ந்து அதே முகாமில் ‘விடுதலை அரங்கு’ தொடங்கினார்கள். 2011 ஏப்ரல் 4 அன்று ஜூலியானோ அரங்கின் அருகிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அரங்கு மூடப்படவில்லை. 2015–16இல் டெல்லியின் ஜன நாட்டிய மஞ்ச் குழுவோடு சேர்ந்து நாடகம் தயாரித்து இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தது. 2023 டிசம்பரில் ராணுவம் அரங்கைச் சோதனையிட்டுச் சூறையாடியது; அதன் பொது மேலாளர் முஸ்தஃபா ஷீத்தா குற்றச்சாட்டு ஏதுமின்றி ஓராண்டுக்கும் மேல் சிறை வைக்கப்பட்டார். 2025 ஜனவரியில் முகாமே காலி செய்யப்பட்டது. அரங்கின் ஆட்கள் ஜெனின் நகருக்குள் இடம்பெயர்ந்து வேலையைத் தொடர்ந்தார்கள்.

1993இல் கிடைத்த ஒரு பரிசுத்தொகையின் பயணம் இது. கட்டிய கட்டடம் பத்தாண்டுகூட நிற்கவில்லை. ஆனால் அந்தப் பணம் ஒரு பழக்கத்தை உண்டாக்கியது: ஜெனினில் நாடகம் நடக்கும், பிள்ளைகள் நடிக்கக் கற்பார்கள் என்ற பழக்கம். ஸ்டாக்ஹோமிலிருந்து பரிசைத் தந்தவர்கள் அந்தப் பணத்தை எப்படிச் செலவிட வேண்டும் என்று ஆர்னாவுக்குச் சொல்லவில்லை. அதனால்தான் அது முகாமுக்குத் தேவையான வடிவத்தை எடுத்தது.

ஒஸ்லோவுக்கு முன்னும் பின்னும்

நல்கை வருவதற்கு முன்பே பாலஸ்தீனக் கலை இருந்தது என்பதை மறக்கக்கூடாது. 1987இல் ஸ்லிமான் மன்சூர், வேரா தமாரி, நபீல் அனானி, தைசீர் பரக்காத் ஆகிய நால்வரும் இஸ்ரேலிலிருந்து வரும் வண்ணங்களையும் ஓவியத் துணிகளையும் புறக்கணித்து, களிமண், மருதாணி, தோல், மரம் என்று உள்ளூரில் கிடைத்ததைக் கொண்டு படைத்தார்கள். பணம் இல்லாத அந்தப் பருவத்தில் பிறந்த மன்சூரின் மண் ஓவியங்கள் இன்று உலகெங்கும் பேசப்படுகின்றன. 1979இல் தொடங்கிய எல் ஃபுனூன் நடனக் குழுவும் தொண்டர்களின் உழைப்பில் வளர்ந்ததுதான்.

1993இல் இஸ்ரேலும் பாலஸ்தீனத் தலைமையும் ஒஸ்லோ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பின் நிலைமை மாறியது. ஐரோப்பிய அரசுகளும் அறக்கட்டளைகளும் ‘நாட்டைக் கட்டியெழுப்புதல்’ என்ற தலைப்பில் நிதி கொண்டுவந்தன. ராமல்லாவில் பண்பாட்டு மையங்கள் பெருகின. நன்மைகள் மெய்யானவை. நார்வேயின் உதவியோடு 2006இல் ராமல்லாவில் உருவான சர்வதேசக் கலைக் கழகம் அந்த மண்ணிலேயே சமகாலக் கலையைப் பட்டப்படிப்பாகக் கற்கும் வாய்ப்பைத் தந்தது. 2011இல் நெதர்லாந்தின் அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து பிக்காசோவின் ஓர் ஓவியத்தை, நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின், ராமல்லாவுக்கு வரவழைத்துக் காட்டியதும் இந்தக் கழகம்தான். பின்னர் அது தனியாக நீடிக்க முடியாமல் பிர்சீத் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. கல்வி பிழைத்ததற்குக் காரணம், அதை ஏற்றுக்கொள்ள உள்ளூரில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அப்படி ஏற்க ஆளில்லாத முயற்சிகள், திட்டக் காலம் முடிந்த அன்றே முடிந்துபோகும்.

யாஃபாவிலிருந்து வந்த ஒருவரின் அறக்கட்டளை

வெளிநாட்டு அரசுகளின் நிதிக்கு மாற்றாக வளர்ந்ததில் முதலில் சொல்ல வேண்டியது அப்துல் முஹ்சின் அல் கத்தான் அறக்கட்டளை. கத்தான் 1929இல் யாஃபாவில் பிறந்து, 1948இல் ஊரை இழந்து, குவைத்தில் கட்டட ஒப்பந்தத் தொழிலில் செல்வம் சேர்த்தவர். 1993இல் லண்டனில் அறக்கட்டளையை நிறுவினார். 1998இலிருந்து அது பாலஸ்தீனத்தில் இயங்குகிறது. 2005இல் காஸாவில் குழந்தைகள் மையமும், 2018இல் ராமல்லாவில் ஒரு பெரிய பண்பாட்டு வளாகமும் திறக்கப்பட்டன. சொந்தச் செல்வத்தில் இயங்குவதால், கொடை நாட்டில் ஆட்சி மாறினாலும் இதன் பணி நின்றுவிடவில்லை.

> பெட்டிச் செய்தி: இளம் கலைஞர் விருது எப்படி நடக்கிறது?
>
> • கத்தான் அறக்கட்டளை இதை 2000இல் தொடங்கியது. இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. முதல் விருது ராயிதா சாதேவுக்கு.
>
> • ஹெப்ரானில் பிறந்து, 2003இல் யாஃபா கடலில் மூழ்கி இறந்த இளம் ஓவியர் ஹசன் ஹூரானியின் பெயரைத் தாங்குகிறது.
>
> • மேற்குக் கரை, காஸா, ஜெருசலேம், இஸ்ரேலுக்குள் வாழும் பாலஸ்தீனர், புலம்பெயர்ந்தோர் என எங்கிருந்தாலும் விண்ணப்பிக்கலாம்.
>
> • யோசனையை எழுதி அனுப்பியவர்களில் சிலர் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாவார்கள். படைப்பை உருவாக்க அவர்களுக்குப் பணமும், காட்சியமைப்பாளர் ஒருவரின் வழிகாட்டுதலும் கிடைக்கும். கண்காட்சிக்குப் பிறகே பரிசு.

இந்த முறையில் உள்ள நுட்பம் கவனிக்கத்தக்கது. பெரும்பாலான விருதுகள் முடிந்த படைப்புக்குத் தரப்படுபவை. ஏற்கெனவே வசதி இருந்து படைத்தவரையே அவை தேடிப்போகும். இங்கே பணம் படைப்புக்கு முன்னால் வருகிறது. பரிசு வாங்காதவரும் ஒரு முழுப் படைப்பைக் கையில் வைத்திருப்பார். ஒரே மக்கள் நாலைந்து ஆட்சி எல்லைகளுக்குள் பிரிந்து கிடக்கும்போது, அவர்களின் படைப்புகள் ஒரே கூடத்தில் சந்திப்பதற்கு இந்த விருது வழி செய்கிறது. காஸாவின் கலைஞர் அனுமதிச் சீட்டு கிடைக்காமல் வரமுடியாது போனாலும் அவர் படைப்பு வந்துசேர்ந்த ஆண்டுகள் உண்டு.

இதே அறக்கட்டளையின் இளம் எழுத்தாளர் பரிசை 2001இலும் 2003இலும் வென்றவர் அதானியா ஷிப்லி. அன்று அவர் இருபதுகளில் இருந்தார். பின்னர் அவர் எழுதிய ‘ஒரு சிறு விவரம்’ நாவல் 2020இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதுக்கான மொழிபெயர்ப்பு நூல்களின் இறுதிப் பட்டியலிலும், 2021இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலிலும் இடம்பெற்றது. உலகம் கண்டுகொள்வதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் முன்பே உள்ளூர்ப் பரிசு அவரைக் கண்டுகொண்டது. உள்ளூர்ப் பரிசுகளின் மதிப்பு அவற்றின் தொகையில் இல்லை. தன் மக்களின் மொழியைத் தெரிந்த கண்கள் முதலில் படிக்கின்றன, அதில்தான் இருக்கிறது.

கல்லும் கூலியும்

கலை நிதியின் பலன் கலைஞரோடு நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் ‘ரிவாக்’ நிறுவனத்தின் கணக்கைப் பார்க்கலாம். எழுத்தாளரும் கட்டடக்கலைஞருமான சுஆத் அமீரி 1991இல் ராமல்லாவில் தொடங்கிய அமைப்பு இது. பத்தாண்டுக்கும் மேல் ஊர் ஊராகச் சென்று 50,320 பழைய கட்டடங்களைப் பதிவு செய்தது. ஒரு நாட்டின் ஆவணங்கள் எல்லாம் யாரோ ஒருவர் கட்டுப்பாட்டில் இருக்கும்போது, இன்ன ஊரில் இன்ன வீடு இருந்தது, இன்ன கல்லில் கட்டப்பட்டது என்று எழுதிவைப்பதே ஒரு தற்காப்பு.

பதிவோடு ரிவாக் நிற்கவில்லை. 2000இல் தொடங்கிய இரண்டாம் இன்டிஃபாதாவில் சாலைகள் மூடப்பட்டு, இஸ்ரேலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானோர் கூலியிழந்தார்கள். அப்போது ஸ்வீடனின் உதவியோடு, பழைய கட்டடங்களைச் சீரமைப்பதையே வேலைவாய்ப்புத் திட்டமாக ரிவாக் மாற்றியது. சுண்ணாம்புச் சாந்து குழைக்கும் மறந்துபோன கைத்தொழில் திரும்பியது. கல் தச்சருக்குக் கூலி கிடைத்தது. சீரமைத்த வீடு ஊரின் நூலகமாகவோ பெண்கள் சங்கமாகவோ குழந்தைகள் மையமாகவோ மாறியது. பிர்சீத் ஊரின் பழைய பகுதியை மீட்டதற்காக 2013இல் ஆகா கான் கட்டடக்கலை விருது ரிவாக்குக்குக் கிடைத்தது. இங்கே நல்கை முதலில் வந்து வேலையை உண்டாக்கியது; விருது பின்னால் வந்து அந்த வேலைக்கு முத்திரை குத்தியது. அதுவே சரியான வரிசை.

> பெட்டிச் செய்தி: பாலஸ்தீன மண்ணில் ஆகா கான் கட்டடக்கலை விருது
>
> 1998 – ஹெப்ரான் பழைய நகரச் சீரமைப்பு
>
> 2004 – ஜெருசலேம் பழைய நகர மறுமலர்ச்சித் திட்டம்
>
> 2013 – பிர்சீத் வரலாற்று மையம்
>
> 2019 – பாலஸ்தீன அருங்காட்சியகம், பிர்சீத்
>
> 2025 – ‘வொண்டர் கேபினெட்’, பெத்லகேம்
>
> அண்மைச் சுற்றுகளில் 10 லட்சம் டாலர் பரிசுத்தொகை, வென்ற திட்டங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது.

அந்தப் பட்டியலில் உள்ள பாலஸ்தீன அருங்காட்சியகமும் ஒரு பாடம். 1983இல் ஜெனீவாவில் பாலஸ்தீனத் தொழிலதிபர்கள் தொடங்கிய ‘தஆவுன்’ நல அமைப்பின் திட்டம் அது. செலவின் பெரும்பகுதி பாலஸ்தீனர்களின் நன்கொடை. 2016 மே மாதம் திறக்கப்பட்டபோது உள்ளே காட்சிப்பொருளே இல்லை என்று பலர் குறை சொன்னார்கள். அடுத்த ஆண்டுகளில் அது ஆர்க்கேடியா அறக்கட்டளையின் நிதியோடு, குடும்பங்களின் பெட்டிகளில் இருந்த புகைப்படங்களையும் கடிதங்களையும் பத்திரங்களையும் மின்வடிவில் சேர்க்கத் தொடங்கியது. வீடுகளும் நூலகங்களும் எரியும் நாட்டில், நகல் எடுத்து வைத்த ஒவ்வொரு தாளும் தப்பித்த தாள்.

நிபந்தனை என்னும் பூட்டு

பணம் வரும் வழியில் நிபந்தனையும் வருகிறது. அமெரிக்க அரசின் நிதியைப் பெறும் பாலஸ்தீன அமைப்புகள் ‘பயங்கரவாதத்தோடு தொடர்பில்லை’ என்ற உறுதிமொழியில் கையெழுத்திடவேண்டும் என்ற விதி 2000களின் தொடக்கத்தில் வந்தது. 2018இல் அமெரிக்கா இயற்றிய ஒரு சட்டத்தால், உதவியை ஏற்றால் அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்குகளைச் சந்திக்க நேரும் என்று அஞ்சிய பாலஸ்தீன ஆணையம் அந்த உதவியே வேண்டாம் என்றது. 2019 ஜனவரி இறுதியோடு அமெரிக்க வளர்ச்சி நிதி நின்றது. கொடுக்கும் நாட்டின் ஒரு சட்டம், ஒரே இரவில் எல்லாக் குழாய்களையும் அடைத்துவிட்டது. அதே சமயத்தில் ஐரோப்பிய ஒன்றியமும் தன் ஒப்பந்தங்களில் இதுபோன்ற விதியைச் சேர்த்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பாலஸ்தீன அமைப்புகள் எதிர்த்தன. பெத்லகேமில் அகதிகள் உரிமைக்காக இயங்கும் ‘பதீல்’ அமைப்பு கையெழுத்திட மறுத்து, 17 லட்சம் யூரோ நல்கையை இழந்தது.

மக்கள் வரிப்பணம் தவறான கைகளுக்குப் போகாமல் பார்ப்பது குற்றமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கணக்கு கேட்பதையும் தணிக்கை செய்வதையும் எந்த நல்ல நிறுவனமும் மறுப்பதில்லை. இங்கே கேட்கப்படுவது கணக்கு மட்டும் அல்ல. பாலஸ்தீனத்தின் பல அரசியல் கட்சிகளே ஐரோப்பியத் தடைப்பட்டியலில் இருக்கின்றன. ஒரு நடன வகுப்பில் சேரும் சிறுவனின் தந்தை எந்தக் கட்சி என்று விசாரிக்கும் வேலையை நடன ஆசிரியரிடம் ஒப்படைக்கும்போது, பண்பாட்டு மையம் காவல் நிலையத்தின் கிளையாகிவிடும். அதன்பிறகு அந்த ஊர் மக்கள் அதை நம்பமாட்டார்கள். நம்பிக்கை போன மையத்துக்கு எத்தனை லட்சம் யூரோ கொடுத்தாலும் பயனில்லை.

இஸ்ரேலின் குடிமக்களாக வாழும் பாலஸ்தீனர்களுக்கு இந்தப் பூட்டு வேறு வடிவில் வருகிறது. அவர்கள் வரி கட்டுகிறார்கள். அரசு நிதி அவர்கள் உரிமை. ஆனால் 2015இல் ஹைஃபாவின் அல் மிதான் அரங்கு, பாலஸ்தீனக் கைதி ஒருவரின் வாழ்க்கையைத் தழுவிய நாடகத்தை மேடையேற்றியபோது, கலாசார அமைச்சர் மிரி ரெகெவ் அதன் நிதியை முடக்கினார். அதற்கு முந்தைய ஆண்டு இயக்குநர் சுஹா அர்ராஃப் தன் ‘வில்லா தூமா’ படத்தை வெனிஸ் விழாவில் பாலஸ்தீனப் படம் என்று பதிவு செய்ததற்காக, கொடுத்த பணத்தைத் திருப்பித்தர வேண்டும் என்று இஸ்ரேலில் கோரிக்கை எழுந்தது. ஒரு கலைஞர் தன்னை யாரென்று சொல்லிக்கொள்வதற்கே விலை வைக்கப்பட்டது. கிழக்கு ஜெருசலேமில் 1984இலிருந்து இயங்கும் பாலஸ்தீன தேசிய அரங்கு இஸ்ரேலிய நிதியை வாங்குவதில்லை. ஒஸ்லோ ஒப்பந்தப்படி பாலஸ்தீன ஆணையம் அந்த நகரத்தில் இயங்கவும் முடியாது. வரியும் மின்கட்டணமும் கடனாகச் சேர்ந்து, 2015 வாக்கில் அரங்கு மூடப்படும் நிலைக்கு வந்தது. வெளியிலிருந்து வரும் நிபந்தனையற்ற நிதி அதற்கு ஆடம்பரம் அல்ல, உயிர்.

விருதுகளும் பூட்டுக்குத் தப்பவில்லை. 2023 அக்டோபர் 20 அன்று ஃபிராங்ஃபர்ட் புத்தகக் கண்காட்சியில் அதானியா ஷிப்லிக்கு ஜெர்மனியின் லிபெராட்டூர் பரிசு வழங்கப்பட இருந்தது. அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலுக்கும் அதைத் தொடர்ந்த போருக்கும் பிறகு, அமைப்பாளர்கள் விழாவைத் தள்ளிவைத்தார்கள். பரிசுக்குரிய நாவல் 1949இல் நெகேவ் பாலைவனத்தில் ஒரு பெதூயின் பெண் இஸ்ரேலியப் படையினரால் கொல்லப்பட்டதைப் பற்றியது. அக்டோபர் 7க்கு வெகுகாலம் முன்பே எழுதப்பட்டது. நோபல் பெற்ற அப்துல்ரஸாக் குர்னா, ஒல்கா தோகர்ஜுக், ஆனி எர்னோ உள்ளிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கண்டனக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். ஷார்ஜா புத்தக ஆணையமும் மலேசியக் கல்வி அமைச்சகமும் கண்காட்சியிலிருந்து விலகின. படைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு, சூழல் மாறியதும் படைப்பாளியை மேடையிலிருந்து விலக்கிவைப்பது, பரிசை நன்னடத்தைச் சான்றிதழாக்கிவிடுகிறது.

உணவா, ஓவியமா?

காஸாவை எண்ணும்போது கடுமையான ஆட்சேபம் ஒன்று வரும். குழந்தைகள் பசியில் வாடும்போது கவிதைக்கும் ஓவியத்துக்கும் பணமா? முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: கலைக்கான நிதியைக் குறைத்தால் அது மாவு மூட்டையாக மாறிவிடாது. காஸாவில் பசி வந்தது, கலைக்குப் பணம் போனதால் அல்ல, வழிகள் அடைக்கப்பட்டதால். இரண்டாவது, அழிவு வயிற்றோடு நிற்கவில்லை. 2018 ஆகஸ்ட் 9 அன்று அல் மிஷால் பண்பாட்டு மையம் குண்டுவீச்சில் தகர்ந்தது. 2023இல் ரஷாத் ஷவா பண்பாட்டு மையம் இடிந்தது. எல்திகா ஓவியக்கூடம் அழிந்தது. காஸாவில் நூற்றுக்கும் மேற்பட்ட பண்பாட்டு, வரலாற்றுத் தலங்கள் சேதமடைந்ததை யுனெஸ்கோ சரிபார்த்துப் பதிவு செய்திருக்கிறது. 2017இல் ஷார்ஜாவின் அரபுப் படைப்பிலக்கிய விருதில் இரண்டாமிடம் பெற்ற நாவலாசிரியர் ஹிபா அபூ நதா 2023 அக்டோபர் 20 அன்று கொல்லப்பட்டார். ஃபிராங்ஃபர்ட்டில் ஷிப்லிக்குப் பரிசு வழங்கப்பட இருந்த அதே நாள். நினைவை அழிப்பதும் போரின் ஒரு முனையாக இருக்கும்போது, நினைவைக் காப்பதும் நிவாரணத்தின் பகுதிதான்.

மூன்றாவது பதிலைக் காஸாவின் மக்களே செயலில் சொல்லிவிட்டார்கள். பாலஸ்தீன அறிஞர் எட்வர்ட் செய்த் பெயரைத் தாங்கிய தேசிய இசைப் பள்ளியின் ஆசிரியர்கள், பள்ளி இடிந்த பிறகு கூடாரங்களில் பிள்ளைகளுக்கு இசை கற்பித்தார்கள். கவிஞர் முஸஅப் அபூ தோஹா 2017இல் பெய்த் லாஹியாவில், நன்கொடையாக வந்த புத்தகங்களைக் கொண்டு எட்வர்ட் செய்த் பெயரில் ஆங்கில நூலகம் தொடங்கினார். போரில் அது அழிந்தது. அவரும் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. வழியில் இஸ்ரேலியப் படையினர் அவரைப் பிடித்து வைத்தார்கள். நியூயார்க்கர் இதழில் எழுதிய கட்டுரைகளுக்காக 2025இல் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. பரிசு பெற்றவர் இருக்கிறார், நூலகம் இல்லை. உலகம் எளிதாகக் கொடுப்பதற்கும் அந்த ஊருக்குத் தேவைப்படுவதற்கும் உள்ள தூரம் இதுதான்.

ஆஸ்கருக்குப் பிறகும்

விருது பாதுகாப்பும் தரும் என்று நம்புபவர்களுக்கு ‘வேறு நிலமில்லை’ ஆவணப்படம் கசப்பான விடை. மேற்குக் கரையின் மஸாஃபர் யத்தா கிராமங்கள் இடிக்கப்படுவதை, பாஸில் அத்ரா, ஹம்தான் பல்லால் என்ற இரு பாலஸ்தீனர்களும், யுவால் அப்ரஹாம், ரேச்சல் ஸோர் என்ற இரு இஸ்ரேலியர்களும் சேர்ந்து எடுத்த படம். 2024இல் பெர்லின் விழாவில் சிறந்த ஆவணப்படம்; 2025 மார்ச்சில் ஆஸ்கர். இத்தனை விருதுகள் வாங்கியும் அமெரிக்காவில் அதை வெளியிட எந்த விநியோக நிறுவனமும் முன்வரவில்லை. ஆஸ்கர் மேடை ஏறிய அதே மாதத்தில் ஹம்தான் பல்லால் தன் ஊரில் குடியேறிகளால் தாக்கப்பட்டு, ராணுவத்தால் பிடித்துச் செல்லப்பட்டார். ஜூலையில், படத்துக்கு உதவிய ஆசிரியர் அவ்தா ஹதலீன் உம் அல் கைர் கிராமத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனாலும் விருது வீணானது என்று சொல்லமாட்டேன். பல்லால் பிடிபட்ட செய்தி சில மணி நேரத்தில் உலகெங்கும் பரவி, மறுநாள் அவர் விடுவிக்கப்பட்டார். பெயர் தெரியாத ஒரு மேய்ப்பருக்கு அது நடந்திருக்காது. கவசமாக இல்லாவிட்டாலும், விருது சாட்சிகளைக் கூட்டிவருகிறது.

நல்கை கலையைப் பழுதாக்குமா?

மிகக் கூர்மையான விமர்சனம் பாலஸ்தீனர்களுக்குள்ளிருந்தே வருகிறது. நல்கைக்கு விண்ணப்பம் எழுதும் மொழியே படைப்பின் மொழியாகிறது; கொடையாளருக்குப் பிடித்த தலைப்புகள் ஆண்டுதோறும் மாற, கலைஞரும் அதற்கேற்ப மாறுகிறார்; ஆங்கிலம் தெரிந்த ராமல்லாக்காரருக்குக் கிடைப்பது, ஜெனினிலோ கான் யூனிஸிலோ இருப்பவருக்குக் கிடைப்பதில்லை. தொண்டர் உழைப்பில் வளர்ந்த குழுக்கள் சம்பளப் பட்டியலை நம்பும் அலுவலகங்களாயின. இவை அனைத்தும் உண்மை. இந்தக் கேள்வியையே பெயராக வைத்து ‘நிதி என்னும் கேள்வி’ என்ற பாலஸ்தீனக் கலைஞர் கூட்டு உருவானது. 2022இல் ஜெர்மனியின் காஸல் நகரில் நடந்த டாக்குமெண்டா கண்காட்சிக்கு அழைக்கப்பட்ட அவர்கள், தங்களுக்குக் கிடைத்த இடத்தில் காஸாவின் எல்திகா கலைஞர்களின் ஓவியங்களை வைத்தார்கள். கண்காட்சி தொடங்கும் முன்பே அந்த இடம் சூறையாடப்பட்டது.

இந்த விமர்சனத்தை ஏற்பவர்கள்கூட ‘ஆகவே நிதியே வேண்டாம்’ என்ற முடிவுக்கு வரவேண்டியதில்லை. சொந்த அரசின் கலாசாரத் துறையை நம்பி வாழும் நாட்டில் ‘வெளிப்பணம் வேண்டாம்’ என்பது கொள்கை. எல்லையும் வரியும் துறைமுகமும் பிறர் கையில் இருக்கும் நாட்டில் அது பட்டினி. 1987இன் களிமண் ஓவியங்கள் உயர்ந்தவை என்பதற்காக, அடுத்த தலைமுறையிடம் வண்ணம் வாங்கக் காசில்லாமல் இருப்பதே நல்லது என்று சொல்வது கொடுமை. பழுது பணத்தில் இல்லை, அது கொடுக்கப்படும் முறையில் இருக்கிறது. கத்தான் விருதும் ரிவாக்கின் திட்டமும் ஆர்னாவின் கல் அரங்கும் காட்டும் முறை ஒன்றுதான்: எதைச் செய்வது என்பதை அங்கே இருப்பவர் முடிவு செய்யட்டும், ஓராண்டுத் திட்டமாக இல்லாமல் பல்லாண்டுத் துணையாக வரட்டும், கண்காட்சிச் செலவோடு வாடகை, மின்கட்டணம், கணக்கர் சம்பளத்துக்கும் சேர்த்துத் தரட்டும், விண்ணப்பத்தை அரபியிலேயே வாங்கிக்கொள்ளட்டும், கணக்கைக் கேட்கட்டும், கட்சியைக் கேட்கவேண்டாம், தேர்ந்தெடுத்த படைப்பாளியை, எதிர்ப்பு வந்த நாளில் கைவிடாமல் நிற்கட்டும்.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஈழத்துக் கவிஞர் எம்.ஏ. நுஃமான் 1980களின் தொடக்கத்திலேயே பாலஸ்தீனக் கவிதைகளைத் தமிழாக்கி நூலாகத் தந்தார். யாரும் நல்கை கொடுத்து நடந்த வேலை அல்ல அது. பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷ் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகமான பெயரானதில் அந்த நூலுக்குப் பெரும் பங்குண்டு. ஒரு படைப்பாளிக்கு விருதைவிட நீண்ட ஆயுள் தருவது வாசகர்தான். பாலஸ்தீன நூல் ஒன்றைக் காசு கொடுத்து வாங்குங்கள். உங்கள் ஊர் திரைப்படச் சங்கத்திடம் அந்தப் படங்களை முறையாக உரிமை பெற்றுத் திரையிடச் சொல்லுங்கள். பதிப்பாளர்களிடம் அரபியிலிருந்து நேரடி மொழிபெயர்ப்பு கேளுங்கள். நன்கொடை கொடுக்க முடிந்தவர்கள் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, எந்த நிபந்தனையும் இல்லாமல், அடுத்த ஆண்டும் கொடுப்போம் என்ற உறுதியோடு கொடுங்கள். பாலஸ்தீனக் கலைஞர் நம்மிடம் இரக்கத்தைக் கேட்கவில்லை. தன் வேலையைத் தானே முடிவுசெய்து செய்வதற்கான வசதியைக் கேட்கிறார். அதைக் கொடுப்பதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை.